ஈறில் முளைத்த மாதுளை

பேசாதீங்க. உங்களைத்தான். வாயைத் திறந்தால் பஞ்சு விழும், பஞ்சு விழுந்தால் ரத்தம் நிற்காது, ரத்தம் நிற்கவில்லை என்றால் அந்த டாக்டரம்மா வெளியே வந்து என்னைத்தான் பார்க்கும். இந்த ஆஸ்பத்திரியில் எது நடந்தாலும் கடைசியில் என் தலையில்தான் வந்து விடிகிறது. கடவாய்ப் பல்லா பிடுங்கினது? தலையை ஆட்டினால் போதும். அரை மணி நேரம் கடித்துக்கொண்டு உட்காரச் சொன்னார்களா? நல்லதாய்ப் போயிற்று. எனக்கும் அரை மணி நேரம் ஆகும்.

உள்ளே என் பேத்தி இருக்கிறாள். கூட அவள் அம்மா, அதாவது என் மகள் பூங்கோதை. மாப்பிள்ளை. டாக்டரம்மா. ஒரு நர்சு. இத்தனை பேருக்கும் அந்த அறையில் இடம் இருக்கிறது. எனக்கு மட்டும் இல்லையாம்.

என் மகள் என்ன சொன்னாள் தெரியுமுங்களா? "அப்பா, நீங்க இங்கயே உக்காருங்க. உள்ள வராதீங்க. அவகிட்ட ஒரு வார்த்த பேசாதீங்க." நாலு பேர் முன்னால். அந்த டோக்கன் கொடுக்கிற பெண் இருக்கிறதே, அது கீழே குனிந்து சிரிக்கிறது. சிரி அம்மிணி, சிரி.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியாது. திருச்செங்கோட்டில் இறங்கி ரிக்கு அர்த்தனாரி என்று கேட்டுப் பாருங்க. நாற்பத்திரண்டு வருஷம் போர்வெல் வண்டியில் டிரில்லர். இந்த நாட்டில் நான் ஓட்டை போடாத ஜில்லா ரொம்பக் கம்மி. ஒரிசாவில் ஒரு தோட்டத்தில் ஆயிரத்து நானூறு அடி இறக்கினேன், தண்ணீருக்குப் பதில் டீ வந்தது. சூடாக. சர்க்கரை மட்டும்தான் இல்லை. என்ன முறைக்கிறீங்க? பூமிக்கடியில் அவ்வளவு சூடு. மேலே தேயிலைக் காடு. இறங்குகிற இலைச் சாறு எங்கே போகும்?

இந்தப் பல்லைப் பாருங்க. எழுபத்து மூன்று வயது. முப்பத்திரண்டும் இருக்கிறது. ஆந்திராவில் ஒரு தடவை இருபது அடி இரும்பு ராடு குழிக்குள் நழுவப் பார்த்தது. இரண்டு கையிலும் ஸ்பேனர். என்ன செய்ய? ராடைக் கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து நிறுத்தினேன். ஆட்கள் ஓடி வருகிற வரைக்கும் கடித்துக்கொண்டே நின்றேன். பேசும்போது டக் டக் என்று ஒரு சத்தம் கேட்கிறதா? அது ஒன்றுமில்லை, அன்றைக்குத் தாடை எலும்பு லேசாக நகர்ந்தது. அந்தச் சத்தம்.

ஆனால் இதையெல்லாம் விடுங்க. மீன் கதை ஒன்று இருக்கிறது. அதை நான் எல்லோருக்கும் சொல்வதில்லை. உங்களால் குறுக்கே பேச முடியாது என்பதால் சொல்கிறேன். திருச்சூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். செம்பாறை. நூற்றுப் பத்து அடியில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. முதலில் சிவப்பாய்ச் சேறு, அப்புறம் கலங்கல், அப்புறம் தெளிவு. அந்தத் தெளிவில் ஒரு மீன். என் சுண்டு விரலில் பாதி. ரோஜா நிறம். கையில் எடுத்துப் பார்க்கிறேன், கண் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று தோல். உள்ளங்கையில் துள்ளியது. ஒரு தகர டப்பாவில் தண்ணீர் பிடித்து விட்டேன். சாயங்காலம் பார்த்தால் செத்துக் கிடந்தது.

எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! டீக்கடையில், லாரிப் பட்டறையில், சம்பந்தி வீட்டில். ஒருவன் நம்பினானா? "ஏனுங்ணா, அந்த மீனு கூலிங் கிளாஸ் போட்டிருந்துச்சுங்களா?" என்று கேட்டான் ஒருவன். நம்பினது ஒரே ஒரு ஆள். உள்ளே உட்கார்ந்திருக்கிறாளே, அவள். சஷ்டிகா. மாப்பிள்ளை செல்போனில் தேடிப் பிடித்த பெயர். எட்டு வயது. மற்றவர்கள் மாதிரி சிரிக்கவில்லை. "அப்பிச்சி, அதுக்கு இருட்டுல பயமா இருக்காதுங்களா?" என்று கேட்டாள். அப்படிக் கேட்கிற பிள்ளைக்கு எவ்வளவு கதை வேண்டுமானாலும் சொல்லலாம். சொன்னேன். அது ஒரு குற்றமா?

கடிங்க, கடிங்க. பஞ்சை விட்டுடாதீங்க.

நடந்ததைக் கேளுங்க. பொங்கல் லீவு. நான் மகள் வீட்டு மாடியில்தான் இருக்கிறேன், தனி அறை, உள்ளே தாழ்ப்பாள். காலையில் கதவைத் தட்டுகிறாள். அவசரமாய் முகம் கழுவிவிட்டுத் திறக்கிறேன், கையில் முகம் பார்க்கிற கண்ணாடியோடு நிற்கிறாள். கண்ணெல்லாம் தண்ணீர். "அப்பிச்சி, என் வாயில என்னமோ வந்துருச்சுங்க."

உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். மேலே முன்பல் இரண்டும் அப்போதுதான் புதிதாய் வந்திருந்தது, விளிம்பெல்லாம் ரம்பம் மாதிரி. அந்தப் பல்லுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவில், ஈறில், சிவப்பாய் ஒரு மணி. பளபளவென்று. மாதுளம்பழத்தை உடைத்தால் உள்ளே இருக்குமே, அந்த முத்து. அச்சு அசல் அது.

பிள்ளை தேம்புகிறது. நான் என்ன செய்யட்டும்? அழுகையை நிறுத்த வேண்டாமா? "நேத்து மாதுளம்பழம் தின்னியா சாமி?" என்றேன். "ஆமாங்க." "அதுல ஒரு முத்து மாட்டிக்கிச்சு. இப்ப முளைக்குது." அவ்வளவுதான். அழுகை நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். "மரமாகுங்களா?" "ஆகாம? உன் வாயிலயே பூ பூக்கும். நீ பள்ளிக்கூடத்துல சிரிச்சா டீச்சர் தேனீயத் தொரத்தணும்." சிரித்தாள் பாருங்க, அந்தச் சிரிப்புக்கு நான் இன்னும் நாலு பொய் சொல்லுவேன்.

சொன்னேன். செடி என்றால் பக்குவம் சொல்ல வேண்டாமா? அந்தப் பக்கம் பிரஷ்ஷைக் கொண்டு போகாதே, இளசு, வேர் ஆடிப்போகும் என்றேன். யாரிடமும் சொல்லாதே, சொன்னால் கருகிவிடும் என்றேன். சும்மா ஒரு விளையாட்டு வார்த்தை. மத்தியானம் சாப்பிடுகிறபோது நானே மறந்துவிட்டேன்.

என்ன, புருவத்தைத் தூக்குறீங்க? மேலே கேளுங்க. குற்றவாளி யார் என்று நீங்களே தெரிந்துகொள்வீங்க.

மாசி கழிந்தது. பங்குனியில் பள்ளிக்கூடத்தில் கொய்யாக்காய் கடித்திருக்கிறாள். வாயெல்லாம் ரத்தம். வெள்ளைச் சட்டை முன்பக்கம் முழுக்க. டீச்சர் போன் செய்து, பூங்கோதை ஆபீசில் இருந்து ஓடி, வாயைத் திறந்து பார்த்தால் அந்த முத்து சுண்டைக்காய் அளவுக்கு ஆகியிருக்கிறது. தொட்டால் ரத்தம். வீட்டில் ஒரே ஒப்பாரி. மாப்பிள்ளை செல்போனை எடுத்து உட்கார்ந்தார். படித்தவர். கம்பெனியில் நூற்று இருபது பேரை மேய்க்கிறவர். அரை மணி நேரம் செல்போனைப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போய், "புத்துநோயா இருக்கலாம்னு போட்டிருக்குது" என்றார். என் மகள் சுவரில் சாய்ந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதோடு விட்டாரா? அவர் பங்காளி ஒருவன் சொன்னான் என்று, மருவுக்குக் கட்டுகிற மாதிரி இதற்கும் குதிரை முடி கட்டலாம் என்று கிளம்பிவிட்டார். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற குதிரை ஒன்று, அதன் வாலில் இருந்து ஒரு முடி. உதறிக்கொண்டு கத்துகிற பிள்ளையின் தலையை மடியில் வைத்து, அந்தக் கட்டியின் அடியில் சுருக்குப் போட்டு இழுத்தார் பாருங்க. பொத்துக்கொண்டு வந்தது ரத்தம். துண்டு நனைந்து, தலையணை நனைந்து. அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு நாய் எழுந்து போய்விட்டது. "நீங்க படிச்சவருங்களா மாப்ள, இல்ல மாட்டாசுபத்திரிக்காரருங்களா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு அவரை யாராவது வெளியே உட்கார வைத்தார்களா? இல்லை. அவர் உள்ளே இருக்கிறார். இதுதான் நியாயம்.

அப்போதுதான் இந்த டாக்டரம்மாவிடம் வந்தோம். சின்ன வயசு. அன்றைக்கு நானும் உள்ளேதான் இருந்தேன், என்னை அப்போது துரத்த ஆரம்பிக்கவில்லை. லைட்டைப் போட்டுப் பார்த்தது. ஒரு படம் எடுத்தது. கையுறையைக் கழற்றிவிட்டு என் மகளின் தோளைத் தொட்டு, "பயப்படாதீங்க அக்கா, பாத்தா கெட்ட கட்டியாட்டம் தெரியல. கொழந்தைங்களுக்கு வர்றதுதான். பல்லுல அழுக்கு சேந்து, காரை கட்டி, ஈறை உறுத்திக்கிட்டே இருந்திருக்கு. உறுத்த உறுத்த ஈறுக்குக் கோவம் வந்து இப்படி வீங்கிக்கும்" என்றது. முதலில் காரையைச் சுரண்டிச் சுத்தம் பண்ணுவோம், மெத்தென்ற பிரஷ்ஷால் காலையும் ராத்திரியும் தேயுங்கள், சிலது தானே சுருங்கும், சுருங்கவில்லை என்றால் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து எடுத்துவிடலாம், எடுத்ததைச் சந்தேகத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்புவோம். முடியெல்லாம் கட்டாதீர்கள் என்று மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னது. சபாஷ் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் அந்தப் பேச்சு. "மத்த பல்லெல்லாம் சுத்தமா இருக்கு. இந்த எடத்துல மட்டும் பிரஷ்ஷே படல. ஏன் பாப்பா?"

பாப்பா வாயை மூடிக்கொண்டது. என்னைப் பார்த்தது. நான் கூரையில் இருந்த மின்விசிறியைப் பார்த்தேன்.

"பெரியவங்க நின்னு தேய்க்க வைக்கணும் அக்கா" என்றது டாக்டரம்மா. என் மகள் முகம் சுண்டிப்போனது. எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அவள் விடியக் காலையில் எழுந்து, மூன்று பேருக்குச் சோறு கட்டி, பஸ் பிடித்து ஓடுகிறவள். அவளைப் போய்ச் சொல்லலாமா? கேட்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் டாக்டரம்மா என்னைப் பார்த்து, "அய்யா, நீங்களும் ஒரு நாள் உக்காருங்க, உங்க பல்லையும் பாத்துடலாம்" என்றது. எனக்கு அவசரமாய் வெளியே வேலை இருந்தது. வந்துவிட்டேன்.

சுருங்கவில்லை. பரீட்சை முடிந்ததும் எடுத்தார்கள். சின்ன ஊசி, பத்து நிமிஷம். பரிசோதனைக் காகிதம் ஒரு வாரத்தில் வந்தது, ஒன்றும் இல்லை, சாதாரணக் கட்டி. என் மகள் அந்தக் காகிதத்தைப் பூஜை அறையில் வைத்துக் கும்பிட்டாள். எல்லோரும் நிம்மதியாய்த் தூங்கினார்கள்.

பிள்ளை மட்டும் தூங்கவில்லை. மாடிப்படி ஏறி என் அறைக்கு வந்தாள். "அப்பிச்சி, செடியப் புடுங்கிட்டாங்க" என்று ஒரே அழுகை. எனக்குச் செடி என்றதும் முதலில் புரியவில்லை. அப்புறம் ஞாபகம் வந்தது. பொங்கலில் இருந்து நாலு மாதம் ஒரு வார்த்தை வெளியே விடவில்லை பாருங்க! ரத்தம் வந்தபோது சொல்லவில்லை. குதிரை முடி கட்டினபோது சொல்லவில்லை. ஊசி போட்டபோது சொல்லவில்லை. என் ரிக்கு வண்டியில் வேலை பார்த்த ஒரு பயலுக்கும் இந்த நேர்மை கிடையாது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நிறைந்த நெஞ்சோடு, "அழுவாத சாமி, மேலதான் புடுங்கியிருக்காங்க, வேர் உள்ளயே இருக்குது, திருப்பித் துளிர்க்கும்" என்றேன்.

ஆறுதல் சொன்னேன். ஆறுதல். அழுகிற பிள்ளைக்கு வேறு என்ன சொல்வீங்க நீங்க?

துளிர்த்துவிட்டது. ஆடி பிறக்கிறதற்கு முன்னாலேயே. அதே இடத்தில், அதே சிவப்பு. எனக்கு எப்படி இருக்கும்? நேராக இங்கே வந்தேன், தனியாக. டாக்டரம்மா வெளியே வந்ததும் கேட்டேன். "ஏம்மா, நான் நாற்பத்திரண்டு வருஷம் குழி தோண்டினவன். கேசிங் பைப்பைப் பாறை வரைக்கும் இறக்காமல் விட்டால் மண் சரிந்து குழி மூடிக்கொள்ளும், அது டிரில்லர் தப்பு. மேலாக வெட்டிவிட்டு அடியை விட்டுவிட்டால் திரும்ப வராமல் என்ன செய்யும்?" இங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். திட்டவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். மெதுவாகச் சொல்கிறது: "எலும்பு வரைக்கும் சுத்தமா எடுத்தேங்கய்யா. ஆனா அந்த எடத்துல திருப்பியும் காரை. பாப்பா அங்க பிரஷ் வைக்கவே மாட்டேங்குது. உறுத்தறது உள்ளயே இருந்தா நான் எத்தன தடவ வெட்டினாலும் வரும். இன்னும் ரெண்டு தடவ வெட்டினா ஈறு மேல ஏறி அந்தப் புதுப் பல்லோட வேரே வெளிய தெரியும். பொம்பளப் புள்ள, சிரிக்க வேண்டாங்களா?"

நான் வீட்டுக்கு நடந்தே போனேன். பஸ் ஏறத் தோன்றவில்லை.

அன்றைக்கு இருந்து என் மகள் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அவகிட்ட நீங்க என்னமோ சொல்லியிருக்கீங்க." "நான் ஒண்ணும் சொல்லல." "பிரஷ்ஷ எடுத்தா உங்க ரூம்பப் பாக்கறா." "மேல காத்து வரும், பாக்கறா." "அப்பா, உங்க கதையில எங்கம்மா பாதி ஆயுசத் தொலைச்சாங்க. எம் புள்ளைய விட்டுடுங்க." இப்படிப் பேசலாமுங்களா ஒரு மகள்? செத்துப்போனவளை இழுத்து? நான் கதை சொல்லாமல் இருந்திருந்தால் அவள் அம்மா எப்படி அந்த வருஷங்களைத் தள்ளியிருப்பாள்? ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருகிறவன் நான். கையில் கதையைத் தவிர வேறு என்ன கொண்டு வருவேன்?

இன்றைக்கு இரண்டாவது தடவை வெட்டு. ஆனால் டாக்டரம்மா ஒரு கண்டிஷன் போட்டுவிட்டது. பாப்பா என் கண் முன்னால் அந்த இடத்தில் பிரஷ் வைக்கணும், வைத்தால்தான் எடுப்பேன், சும்மா சும்மா குழந்தையை வெட்ட மாட்டேன் என்று. முக்கால் மணி நேரமாய் உள்ளே கெஞ்சுகிறார்கள். கேட்கிறதா? அது பூங்கோதை குரல். அழுகிறாள் போலிருக்கிறது. பிள்ளை குரல் கேட்கவில்லை. கேட்காது. அது என் பேத்தி. சொல்ல மாட்டாள்.

ஏன் இப்படிப் பார்க்கிறீங்க? நான் என்ன பிள்ளை வாயில் விதையா நட்டேன்? வாயில் பஞ்சு இருக்கிறது என்று கண்ணாலேயே பேசுவீங்களா? எல்லோரும் இப்படியே பாருங்க. டோக்கன் அம்மிணி, நீயும் பாரு.

இருங்க. கதவு திறக்கிறது.

சஷ்டிம்மா... என்ன சாமி? வெளிய எதுக்கு வந்தே? உள்ள போ கண்ணு, அம்மா வைவாங்க. என்ன? காதுல சொல்றியா? சொல்லு.

...

கேட்டீங்களா? உங்களுக்குக் கேட்டிருக்காது. "அப்பிச்சி, அம்மா அழுவறாங்க. நான் சொல்லிரட்டுங்களா? செடி கருகிப் போயிருமேன்னுதான் பாக்கறேன்" என்கிறாள். என்னிடம் உத்தரவு கேட்கிறாள்.

இந்தத் துண்டைக் கொஞ்சம் பிடிங்க. இல்லை, வேண்டாம், கொடுங்க. அது எனக்கு வேண்டியிருக்கும்.

நட சாமி. நானும் வர்றேன். தள்ளுங்க மாப்ள, வழியிலயே நிக்கறீங்க.

*

பஞ்சு இன்னும் இருக்கிறதா? இன்னும் ரெண்டு நிமிஷம் கடிங்க.

என் பேச்சு கொழகொழவென்று இருக்கும். பொறுத்துக்கோங்க. இந்தத் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேனே, அதுதான் காரணம். ஆமாம், அந்த முப்பத்திரண்டும். மேல் செட்டு, கீழ் செட்டு. பதினோரு வருஷம் ஆயிற்று. என் மகளுக்கே தெரியாது. அதனால்தான் உள்ளே தாழ்ப்பாள். கயிற்றைக் கடித்ததெல்லாம்... சரி விடுங்க, அதுதான் பார்க்கிறீங்களே.

உள்ளே போனதும் சொன்னேன். "செடியும் இல்ல, வேரும் இல்ல, நான் சொன்னது பொய்யி. பல்லு விளக்கு சாமி." எத்தனை பேர் முன்னால்! பிள்ளை என்ன சொன்னாள் தெரியுமா? "போங்க அப்பிச்சி, பொய் சொல்றீங்க" என்று சிரிக்கிறாள். டாக்டரம்மா பயமுறுத்தி என்னைச் சொல்ல வைத்துவிட்டதாம். கண்ணைச் சிமிட்டுகிறாள் என்னைப் பார்த்து. எழுபத்து மூன்று வயதில் முதல் தடவையாக ஒரு நெசத்தைச் சொல்கிறேன், என்னை நம்புகிற ஒரே ஆள் அதை நம்பவில்லை. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க! அந்த நாற்காலியைத் தூக்கி வீசலாம் போலிருந்தது.

வேறு வழியில்லை. விரலை விட்டு மேல் செட்டைக் கழற்றினேன். கீழ் செட்டைக் கழற்றினேன். அந்த லைட்டை என் பக்கம் திருப்பி வாயை ஆவென்று திறந்தேன்.

மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார். அவருக்கு அவ்வளவு நாகரிகம் இருக்கிறது என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். பிள்ளை மட்டும் பயப்படவில்லை. டாக்டரம்மாவின் அந்தக் குட்டிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு என் வாய்க்குள் மேலே, கீழே, மூலையெல்லாம் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். "அப்பிச்சி, உங்களுக்கு ஒண்ணுமே மொளைக்கலீங்க" என்றாள்.

"மொளைக்காது சாமி. வண்டி வண்டின்னு ஓடி, பிரஷ்ஷே தொடாம, ஈறு கெட்டு, ஒவ்வொண்ணா விழுந்து போச்சு. இங்க எதுவுமே மொளைக்காது."

அப்புறம் ஆரம்பித்தாள் விசாரணை. போலீசு தோற்றது. "அப்ப மாதுளச் செடி?" பொய்யி. "வேரு?" பொய்யி. "கவுறு கடிச்சது?" பொய்யி. "டீ?" பொய்யி சாமி. ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்குகிறாள். என் வாழ்க்கை முழுக்க அந்தக் கையில் மடங்குகிறது. கடைசியில் ஒரு விரல் நின்றது. சுண்டு விரல். அதைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள்.

"கண்ணில்லாத மீனு?"

நீங்களே சொல்லுங்க. அதற்கு நான் என்ன சொல்ல? அது ஒன்று நிற்கிறது என்றால், அதைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் எழுந்து வந்துவிடும். எனக்குத் தெரியும் அந்தப் பிள்ளையை. ராத்திரி படுத்துக்கொண்டு, மீன் நெசம்னா செடியும் நெசமாத்தான் இருக்கும் என்று நினைக்கும். நாளைக்குப் பிரஷ் அந்த இடத்தைத் தாண்டிப் போகும். மூன்றாம் தடவை வெட்டு. பல்லின் வேர் தெரியும்.

பொய்யி என்றேன்.

விரலை மடக்கினாள். கொஞ்ச நேரம் மூடின கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் பிரஷ்ஷை எடுத்து, அந்தச் சிவப்புக் கட்டியின் மேலேயே வைத்துத் தேய்த்தாள். ரத்தம் வந்தது. நிறுத்தவில்லை. இப்போது ஊசி போட்டிருக்கிறார்கள். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

என் மகள் என் கையைப் பிடித்து, "தேங்க்ஸ்ப்பா" என்றாள். தேங்க்ஸாம்! இத்தனை நாள் வெளியே உட்கார வைத்துவிட்டு. நான் கையை உதறிக்கொண்டு வந்துவிட்டேன்.

மணி ஆயிற்று. பஞ்சை எடுத்துடுங்க. அந்தத் தொட்டியில் போடுங்க. இன்றைக்கு முழுக்கச் சூடாக எதுவும் குடிக்காதீங்க, டீ கூடாது.

என்ன கேட்கிறீங்க? மீனா?

அரை மணி நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வாயைத் திறந்ததும் இதையா கேட்பீங்க? உங்களுக்கும் எனக்கும் என்ன விரோதம்?

நெசமுங்க. திருச்சூர்ப் பக்கம், நூற்றுப் பத்து அடி. இந்தக் கையில், இந்த இடத்தில் துள்ளியது. கண் இல்லை. இன்றைக்கு அந்த அறைக்குள்ளே நான் சொன்ன ஒரே பொய் அது.